25 எக்ஸ் ஐபீஸ் வாங்கி முழிச்ச கதையும் ஒரு நோபல் பரிசும்

2011-ல மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்துல, லேப் சாமான் விக்கிற கடை ஒண்ணுல 1,850 ரூபா கொடுத்து மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு ஜோடி ஐபீஸ் வாங்கிட்டு வந்தேன், நாம கண்ணு வைக்கிற பக்கத்துக் கண்ணாடி. 25 எக்ஸ், அதாவது 25 மடங்கு பெருசாக் காட்டுறது. அப்ப அது எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம். வீட்ல சொல்லல. சொன்னா "லேப்பு உன்னுதா, ஓனருக்கு வாங்கத் தெரியாதா"ன்னு கேப்பாங்க, கேட்டா என்கிட்ட பதில் கிடையாது.

நான் குமுளியில ஒரு சின்ன லேப்ல டெக்னீஷியன். வீடு கம்பம். காலையில பஸ்ஸேறி கூடலூர், லோயர் கேம்ப்பு தாண்டி மலை ஏறுனா கேரளா, சாயங்காலம் இறங்குனா தமிழ்நாடு, இதான் பொழப்பு. எங்ககிட்ட வர்றதுல பாதிப்பேரு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போற நம்ம ஆளுங்க. சுகரு, காய்ச்சலு, ரத்தம் கம்மி, இதுக்கெல்லாம் நடுவுல ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளி டெஸ்ட்டு.

சளி டெஸ்ட்டுன்னா ஒண்ணுமில்ல, கொண்டு வந்த சளியில மஞ்சளா கட்டியா இருக்கிற இடமா பாத்து குச்சியில எடுத்து ஸ்லைடுல இழுகி, காய வச்சு, தீயில லேசாக் காட்டி, சிவப்புச் சாயத்த ஊத்திச் சூடாக்கி, ஆசிட்ல கழுவி, நீலச் சாயம் போட்டு, மறுபடி கழுவிக் காய வைக்கணும். அப்புறம் ஸ்லைடு மேல ஒரு சொட்டு ஆயிலு. 100 எக்ஸ் லென்ஸு அந்த ஆயிலத் தொடுற வரைக்கும் மெதுவா இறக்கணும், தொட்ட உடனே சொட்டு படக்குன்னு விரிஞ்சு லென்ஸோட மூக்கப் பிடிச்சுக்கும், அந்த நிமிஷம் உள்ள பளிச்சுன்னு வெளிச்சம் வரும் பாருங்க, இத்தன வருஷம் கழிச்சும் எனக்கு அது பிடிக்கும். நீலக் காட்டுக்குள்ள செவப்பா ஒரு குட்டிக் குச்சி தெரிஞ்சா டிபி கிருமி. நீளம் 2லருந்து 4 மைக்ரான் இருக்கும், ஒரு மில்லிமீட்டர ஆயிரமா வெட்டுனா ஒரு பங்குதான் மைக்ரான். குச்சின்னு தெரியும், சில நேரம் லேசா வளைஞ்சிருக்கும், அவ்ளோதான். அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு எனக்கு ஒரு வெறி, அதுக்குத்தான் அந்த 25 எக்ஸு.

மறுநாள் ஓனர் வர்றதுக்கு முன்னாடியே போயி பழைய 10 எக்ஸ கழட்டிட்டு இத மாட்டுனேன். குச்சி பெருசாச்சு. ரெண்டரை மடங்கு பெருசாச்சு. பனியில நிக்கிற மாடு மாதிரி, ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாம, வெளிச்சமும் மங்கிப்போயி. ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட்ட இப்படியும் அப்படியும் திருகுறேன், ஒண்ணும் நடக்கல. பின்னாடி எங்க லேப் டாக்டர் வந்து நின்னதே தெரியல. அவரு குனிஞ்சு பாத்துட்டு, "எடோ, வலுதாயி, பக்ஷே தெளிஞ்ஞில்லல்லோ"ன்னாரு. பெருசாச்சு, ஆனா தெளியலையேன்னு அர்த்தம். சிரிக்கல, அதுவே பெரிய விஷயம். லென்ஸ கழட்டி என் கையில கொடுத்து, அதுல என்ன எழுதியிருக்கு படின்னாரு. 100, அதுக்குப் பக்கத்துல 1.25. தினமும் பாக்குற எழுத்துதான், அந்த 1.25 என்னன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல.

அந்த 1.25 தான் லென்ஸோட நிஜமான பலம். நியூமரிக்கல் அப்பர்ச்சர்னு பேரு. ஸ்லைடுல இருந்து கெளம்புற வெளிச்சத்த எவ்ளோ அகலமான கோணத்துல வாரிக்குதுங்கிற கணக்கு. லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவுல காத்து இருந்தா இது 1-ஐத் தாண்டாது, கண்ணாடி மாதிரியே வெளிச்சத்த வளைக்கிற ஆயில் இருந்தாத்தான் தாண்டும். ஆயில் ஏதோ லென்ஸு ஸ்லைடுல உரசாம இருக்கத்தான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

டாக்டர் மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி ஒரு கணக்குப் போட்டாரு. வெளிச்சத்தோட அலைநீளத்த, இந்த எண்ணோட ரெண்டு மடங்கால வகுக்கணும். பச்சை வெளிச்சம் 550 நானோமீட்டர்னா (ஆயிரம் நானோமீட்டர் சேந்தா ஒரு மைக்ரான்), 2.5-ஆல வகுத்தா 220. அதாவது ரெண்டு புள்ளி 220 நானோமீட்டரவிட நெருக்கமா இருந்தா இந்த லென்ஸுக்கு அது ஒரே புள்ளிதான். இதுக்கப்புறம் பின்னாடி எத்தன எக்ஸ் ஐபீஸ் மாட்டுனாலும் அந்த ஒத்தப் புள்ளி குண்டாகுமே தவிர ரெண்டாகாது. இந்த 1.25-ஐ 1000-ஆல பெருக்குனா வர்ற 1250 மடங்குதான் உருப்படியாப் பெருசாக்கக்கூடிய உச்சம்னு ஒரு கணக்கு இருக்கு. நான் மாட்டுனது 2500. டிபி கிருமியோட தடிமன் அரை மைக்ரானுக்கும் கீழ, எல்லைக்குப் பக்கத்துலயே நிக்கிறவன், அவன் வயித்துக்குள்ள என்ன தெரியும்?

இந்தக் கணக்கச் சொன்னது எர்ன்ஸ்ட் அபே, ஜெர்மனியில யேனாங்கிற ஊர்ல, 1873-ல. கார்ல் ஸைஸ் கம்பெனிக்கு லென்ஸ் கணக்குப் போட்டுக் கொடுத்தவரு. அந்த ஊர்ல இந்தச் சூத்திரத்த கல்லுலயே செதுக்கி வச்சிருக்காங்க. எங்க மைக்ரோஸ்கோப்புல மேடைக்கு அடியில இருக்கே, வெளிச்சத்தக் குவிச்சு ஸ்லைடுக்கு அனுப்புற, நான் தினமும் துணி வச்சுத் தொடைக்கிற கண்டென்சரு, அதுக்குப் பேரே அபே கண்டென்சர். 1882-ல டிபி கிருமியக் கண்டுபிடிச்ச ராபர்ட் கோஹ் கையிலயும் இவரு செஞ்ச கண்டென்சரும் ஆயில் லென்ஸும்தான் இருந்துச்சு. இத எனக்குப் படிக்கும்போது யாரும் சொல்லல.

இந்த எல்லைய லென்ஸு சரியில்லாததால வர்ற கோளாறுன்னு நெனச்சுறாதீங்க. எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து பாத்தா கம்பம்மெட்டு மலை ரோடு தெரியும். சாயங்காலம் இருட்டுற நேரம் ஏலத்தோட்டத்து ஆளுகள ஏத்திக்கிட்டு ஜீப்புங்க வரிசையா இறங்கும். மேல இருக்கும்போது ஒரு ஜீப்புக்கு ஒரு வெளிச்சந்தான். அடிவாரம் வந்து ஊரப் பாத்துத் திரும்புறப்பதான் அந்த ஒண்ணு ரெண்டாப் பிரியும், அட ரெண்டு லைட்டுன்னு தெரியும். ரெண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவுல ஒரு மீட்டர்னு வச்சா, கணக்குப்படி நல்ல கண்ணுக்கு ஒரு மூணு கிலோமீட்டருக்குள்ள வந்தாத்தான் பிரியும், ராத்திரி கண்ணு கூசுறதால இன்னும் கிட்டக்க வரணும். வெளிச்சம் அலை, எந்த ஓட்டை வழியா போனாலும் கொஞ்சம் பரவும், கண்ணுப்பாப்பாவும் ஒரு ஓட்டைதான். ஒரு புள்ளியில கெளம்புன வெளிச்சம் எவ்ளோ ஒசத்தி லென்ஸு வழியா வந்தாலும் புள்ளியா வந்து சேராது, சின்னதா ஒரு பொட்டாத்தான் விழும். பக்கத்துப் புள்ளியோட பொட்டும் அது மேலயே விழுந்தா முடிஞ்சது கதை.

அதுக்காக, பொட்டைவிடச் சின்னது கண்ணுக்கே தெரியாதுன்னு இல்ல, இங்கதான் நானே ரொம்ப நாள் குழம்புனேன். மேல இருக்கிற ஜீப்பு வெளிச்சம் தெரியத்தானே செய்யுது? தெரியும், ரெண்டுன்னு பிரியாது. நட்சத்திரமும் அப்படித்தான். இருட்டுல தானா மினுங்குற சாமானா இருந்தா அது எவ்ளோ சின்னதா இருந்தாலும் தெரியும். ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப்போட அடிப்படையே இதுதான். எங்க லேப்புக்கும் பின்னாடி எல்இடி வச்ச ஒண்ணு வந்துச்சு. ஆரமின்னு ஒரு சாயம், அதுல முக்குன ஸ்லைடுல நீல வெளிச்சத்த அடிச்சா கிருமி மஞ்சப்பச்சையாத் திருப்பிக் கொடுக்கும், நடுவுல ஒரு ஃபில்டர் அந்த நீலத்த மறிச்சுரும், மிச்சம் கும்மிருட்டுல பச்சைக் குச்சிங்க மட்டும். பழைய முறையில கண்ணு நோக நூறு ஃபீல்டு, அதாவது லென்ஸுல ஒரு தடவைக்குத் தெரியுற வட்டம் நூறு, தேடுன எடத்துல, இதுல கம்மி பவர் லென்ஸ்லயே சட்டுனு மாட்டிக்கும்.

2014 அக்டோபர்ல பஸ்ஸுல பேப்பர் பாத்துக்கிட்டு வர்றேன், கெமிஸ்ட்ரி நோபல் மூணு பேருக்கு, "ஒளியின் எல்லையை உடைத்தவர்கள்"ங்கிற மாதிரி போட்டிருந்துச்சு. எரிக் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர். எனக்குப் பகீர்னுச்சு. அப்ப அந்த 220? என் 1,850 ரூபா? அன்னிக்கு ஆரம்பிச்சு கிடைச்சதெல்லாம் படிச்சேன், புரியாதத டாக்டர்கிட்ட கொண்டு போனேன், அவருக்கும் புரியாதப்ப ரெண்டு பேரும் டீ குடிச்சோம். படிச்ச வரைக்கும் சொல்றேன், அந்தத் தலைப்பு தப்பு. எவனும் எதையும் உடைக்கல. அபே இன்னிக்கும் கல்லு மாதிரி நிக்கிறாரு. இவங்க பண்ணுனது வேற, எல்லாரையும் ஒரே நேரத்துல வெளிச்சம் போட விடல. அம்புட்டுத்தான் தந்திரம்.

ஆறாப்புல நாங்க 54 பேரு. வாத்தியார் உள்ள வந்து "எல்லாரும் இருக்கீங்களாடா"ன்னு கேட்டா 54 பேரும் ஒண்ணாக் கத்துவோம், அந்த இரைச்சல்ல யாரு வந்திருக்கான் யாரு வரலன்னு பிரம்மாவுக்கே தெரியாது. அதே வாத்தியார் பேரு பேராக் கூப்பிட்டா, ஒவ்வொருத்தனா "உள்ளேன் ஐயா"ங்கும்போது, தலையத் தூக்காமலே எவன் எந்த பெஞ்சுல இருந்து கொரல் கொடுக்கிறான்னு சொல்லிருவாரு. பக்கத்துல பக்கத்துல ஒட்டி உக்காந்திருந்தாலும் சரி. பெட்ஸிக் செஞ்சது இந்த வருகைப்பதிவுதான்.

செல்லுக்குள்ள ஒட்டியிருக்கிற சாய மாலிக்யூல் எல்லாத்தையும் முதல்ல அணைஞ்ச நிலையில வச்சுக்கணும். மெல்லிசா ஒரு ஊதா வெளிச்சம் காட்டுனா ஆயிரக்கணக்குல அங்கொண்ணும் இங்கொண்ணுமா சிலது மட்டும் முழிச்சுக்கும். எது முழிக்கும்னு யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல, அது அதிர்ஷ்டம். முழிச்சது ஒண்ணுக்கொண்ணு தூரமா இருக்கும், அதனால ஒவ்வொண்ணோட பொட்டும் தனித்தனியா விழும். பொட்டு இன்னமும் 250 நானோமீட்டர் அகலந்தான், அபே சொன்னபடியே. ஆனா தோசைக்கல்லுல தோசை எம்புட்டு அகலமாப் பரந்தாலும், தனித் தோசையா இருந்தா மாவு ஊத்துன நடு எங்கன்னு விரல வச்சுக் காட்டிரலாம்ல? நாலு தோசை ஒட்டிக்கிட்டாதான் வம்பு. கம்ப்யூட்டர் அப்படி ஒவ்வொரு பொட்டுக்கும் நடுவக் குறிச்சுக்கும். ஒரு மாலிக்யூல்ல இருந்து 100 போட்டான், அதாவது ஒளித்துகள், வந்துச்சுன்னா நடுவு சுமார் 10 நானோமீட்டர் சுத்தமாக் கிடைக்கும், 10,000 வந்தா 1 நானோமீட்டர். நடுவக் குறிக்கிறதுல வர்ற தப்பு, போட்டான் எண்ணிக்கையோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி குறையும். குறிச்சாச்சா, அதுங்க சாயம் போயி அணைஞ்சிரும், மறுபடி மெல்லிசா வெளிச்சம், வேற சிலது முழிக்கும், மறுபடி குறி. இப்படி ஆயிரக்கணக்குல படம் எடுத்து, குறிச்ச புள்ளியெல்லாம் ஒண்ணா அடுக்குனா அதுதான் படம். லென்ஸு அதே லென்ஸு!

இதுக்கு ரெண்டு சாமான் வேணும். தனி ஒரு மாலிக்யூலப் பாக்க முடியணும், அத நம்ம இஷ்டத்துக்கு அணைச்சு எழுப்ப முடியணும். மொதல்ல ஒத்த மாலிக்யூல வெளிச்சத்த வச்சுப் பிடிச்சவரு மோர்னர், 1989-ல ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்துல, திரவ ஹீலியம் குளிர்ல. 1997-ல அவரே ஜெல்லி மீன்ல இருந்து வந்த பச்சைப் புரோட்டீன்ல ஒண்ணு மினுக்கு மினுக்குனு அணைஞ்சு எரியுறதையும், அணைஞ்சு கிடந்தத வேற நிற வெளிச்சம் காட்டி எழுப்ப முடியுறதையும் பாத்தாரு. 2002-ல ஜார்ஜ் பாட்டர்சனும் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸும் சுவிட்சு போட்டாப்புல எரிய வைக்கக்கூடிய புரோட்டீனயே செஞ்சுட்டாங்க.

பெட்ஸிக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கிற ஆராய்ச்சிக்கூடத்துல நல்ல வேலையில இருந்த மனுசன், வெறுத்துப்போயி விட்டுட்டு அப்பாவோட மெஷின் கம்பெனிக்குப் போயிட்டாரு, மிச்சிகன்ல. அங்க அவரு வடிவமைச்ச மெஷினும் பெருசா வியாபாரம் ஆகல. 1995-ல காகிதத்துல எழுதிப் போட்ட யோசனை பத்து வருஷம் சும்மா கிடந்துச்சு. 2005-ல இந்தச் சுவிட்சுப் புரோட்டீனப் பத்திக் கேள்விப்பட்ட உடனே, அவரும் ஹரால்ட் ஹெஸ்ஸுங்கிற கூட்டாளியும், ரெண்டு பேருக்கும் அப்ப வேலை கிடையாது, ஹெஸ்ஸு வீட்டு ஹால்லயே மைக்ரோஸ்கோப்பக் கட்டியிருக்காங்க. அந்த வீட்டுக்காரம்மா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சுப் பாத்தேன். 2006-ல பேப்பர் வந்துச்சு, பேரு பாம் (PALM). அதே வருஷம் ஹார்வர்டுல ஷியாவ்வெய் ஜுவாங் குழு ஸ்டார்ம்னு ஒண்ணு, அமெரிக்காவுல மெயின்ங்கிற மாகாணத்துல சாமுவேல் ஹெஸ் எஃப்பாம்னு ஒண்ணு, மூணும் ஏறக்குறைய ஒரே ஐடியா.

ஸ்டெஃபான் ஹெல் வழி வேற. ருமேனியாவுல பொறந்தவரு, ஃபின்லாந்துல டுர்க்குவுல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தப்ப 1994-ல எழுதுனது. ஒரு லேசர் சாயத்த உசுப்பும், அது வழக்கம்போல 250 நானோமீட்டர் பொட்டு. அது ஒளிர்றதுக்குள்ள, நானோசெகண்டு கணக்குல, ரெண்டாவது லேசர் வந்து விழும், அது உளுந்து வடை மாதிரி, நடுவுல ஓட்டை. வடை விழுந்த இடத்துல இருக்கிற மாலிக்யூலெல்லாம் கட்டாயமா சக்திய வேற நிறத்துல கொட்டிட்டு அடங்கிரும், அந்த நிறத்த ஃபில்டர் தடுத்துரும். ஓட்டைக்குள்ள இருக்கிறது மட்டும் பச்சையா ஒளிரும். வடை லேசரோட பலத்தக் கூட்டக் கூட்ட ஓட்டை சுருங்கும். அத வச்சுக்கிட்டு ஸ்லைடு பூரா ஒரு ஒரு இடமா வருடணும். இதுக்குப் பேரு ஸ்டெட். செல்லுக்குள்ள 30லருந்து 50 நானோமீட்டர் வரைக்கும் பிரிச்சுக் காட்டும். ஆனா அந்த வடை பயங்கரச் சூடான வடை, அவ்ளோ பலமான லேசரு அடிச்சா சாயம் சீக்கிரம் வெளுத்துரும், உசுரோட இருக்கிற செல்லுக்கும் நல்லதில்ல.

மூணாவதா ஒரு வழி, மாட்ஸ் குஸ்டாஃப்ஸன் 2000-ல காட்டுனது, சிம்னு பேரு. கொசுவலைய ரெண்டா மடிச்சு வெளிச்சத்துல பிடிச்சா வலையில இல்லாத அகலமான கோடெல்லாம் தெரியும்ல, அந்த மாதிரி கோடு கோடான வெளிச்சத்த ஸ்லைடு மேல போட்டு, அதோட கலந்து வர்ற அகலக் கோட்டுல இருந்து நுணுக்கத்தக் கணக்குப் போட்டு எடுக்கிறது. ரெண்டு மடங்குதான் தெளிவாகும், ஆனா வேகம், செல்லுக்கும் அவ்வளவாக் கெடுதல் இல்ல. குஸ்டாஃப்ஸன் 2011-லயே இறந்துட்டாரு, நோபல் உசுரோட இருக்கிறவங்களுக்குத்தான்.

இப்படியெல்லாம் பாத்து என்னத்தக் கிழிச்சாங்கன்னு கேட்டா, எனக்குப் பிடிச்ச உதாரணம் ஒண்ணு இருக்கு. நரம்பு செல்லோட நீள வாலு, ஆக்ஸான். அதுக்குள்ள ஆக்டின்னு ஒரு புரோட்டீன் இருக்குன்னு ரொம்ப நாளாத் தெரியும், சாதா ஃப்ளூரசன்ஸ்ல பாத்தா வாலு பூரா வழவழன்னு ஒரே வெளிச்சம். 2013-ல ஜுவாங் குழு ஸ்டார்ம்ல பாத்தா, உறைகிணத்துக்கு ஒண்ணுமேல ஒண்ணா உறை இறக்குன மாதிரி வரிசையா வளையம் வளையமா அடுக்கியிருக்கு. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி தெரியுமா, 180லருந்து 190 நானோமீட்டர். அபே கோட்டுக்கு ஒரு நூலிழை கீழ. ஒவ்வொரு நரம்புலயும் இருந்திருக்கு, எத்தனையோ பேரு லென்ஸ வச்சு நேராப் பாத்திருக்காங்க, ஜீப்பு லைட்டு மாதிரி ஒண்ணாவே தெரிஞ்சிருக்கு.

வேல செய்றவன்ங்கிற முறையில சில சங்கடத்தையும் சொல்லிரணும், ஏன்னா படத்த மட்டும் பாத்தா ஏதோ மந்திரம் மாதிரி இருக்கும். பாம்ல முதல்ல ஒரு படத்துக்கே மணிக்கணக்கா ஆச்சு. அவ்ளோ நேரம் ஸ்லைடு அசையாம இருக்கணும், அசையாமன்னா 10 நானோமீட்டர்கூட. ஏசி காத்து பட்டு இரும்பு லேசா சுருங்குனாலே போச்சு. எங்க லேப்பு மெயின் ரோட்டு மேல, சரக்கு லாரி போனா டேபிள்ல இருக்கிற டீ கிளாஸ்ல வட்டம் போடும். அதனால ஸ்லைடுலயே மினுங்குற குட்டி மணிகள ஒட்டி வச்சு, அதுங்க எவ்ளோ நகர்ந்துச்சோ அவ்ளோ கழிச்சுக்கிறாங்க. இன்னொண்ணு, நாம பாக்குறது புரோட்டீன இல்ல, அதுல ஒட்டுன சாயத்த. ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட புரோட்டீனத் தேடிப் பிடிக்கிற இன்னொரு புரோட்டீன், வச்சு ஒட்டுனா ஒரு ஆன்டிபாடியே 10 நானோமீட்டர் இருக்கும், வழக்கமா ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு. திருடனப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற போலீஸ்காரன் கையில டார்ச்சு இருக்கு, டார்ச்சு எங்கன்னு நம்ம கரெக்டாச் சொல்லிட்டோம், திருடன் ரெண்டடி தள்ளி நிக்கிறான். சாயம் சரியா ஒட்டாத இடம் படத்துல ஓட்டையாத் தெரியும், அது நிஜ ஓட்டைன்னு நெனச்சு எழுதிட்டா அசிங்கம். சளியில சாயம் சரியா ஏறாம நெகட்டிவ்னு எழுதிக் கொடுக்கிற பயம் தினமும் எனக்கு இருக்கிறதுதான், அதனால இது நல்லாவே புரிஞ்சுச்சு.

ஹெல் விடல. ஸ்டெட்டும் பாமும் ரெண்டையும் கலந்து மின்ஃப்ளக்ஸ்னு அடுத்து கொண்டு வந்தாரு. இதுல முழிச்சிருக்கிற ஒத்த மாலிக்யூல அந்த வடை வச்சே தேடுவாங்க, ஆனா இங்க வடை அணைக்கிறதில்ல, உசுப்புறது. ஓட்டையோட சரியான நடுவுல மாலிக்யூல் இருந்தா அது ஒளிராது, நகர்ந்தா ஒளிரும். கொஞ்ச போட்டான்லயே சில நானோமீட்டர் வரைக்கும் போயிரலாம்.

ஆனா என்னை மாதிரி ஆளுக்கு நெருக்கமானது 2015-ல எட் பாய்டன் குழு எம்ஐடியில காட்டுன வேலைதான். லேசரு, வடை, வருகைப்பதிவு எதுவும் வேணாம். மைக்ரோஸ்கோப்ப நுணுக்கமாக்க முடியலையா, சாம்பிளப் பெருசாக்குன்னுட்டாங்க. குழந்தைங்க டயப்பர்ல தண்ணிய உறிஞ்சுறதுக்குப் போடுவாங்களே பாலிஅக்ரிலேட்டு, அந்த வகை ஜெல்ல செல்லுக்குள்ளயே உருவாக்கி, சாயப் புள்ளிகள அந்த ஜெல்லுல கட்டிப்போட்டு, மிச்சப் புரோட்டீனச் செரிக்க வச்சுட்டு, தண்ணி ஊத்துனா ஜெல்லு எல்லாப் பக்கமும் ஒரே சீரா நாலரை மடங்கு உப்பும். பக்கத்துல பக்கத்துல இருந்த புள்ளிங்க விலகிப் போயிரும், சாதா மைக்ரோஸ்கோப்புலயே 70 நானோமீட்டர் அளவுக்கு நுணுக்கம் தெரியும். இதப் படிச்ச ராத்திரி என் பொண்ணோட டயப்பர் ஒண்ண பிளேடால கிழிச்சு, உள்ள இருந்த வெள்ளைப் பொடியத் தட்டுல கொட்டி, டம்ளர்ல தண்ணி ஊத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன். சக்கரை மாதிரி இருந்தது கண்ணு முன்னாடி ஜவ்வரிசியா உப்பி வருது. பொண்டாட்டி வந்து தட்டப் பாத்தா, என்னையப் பாத்தா, "ஒரு டயப்பரு எம்புட்டுன்னு தெரியுமா"ன்னுட்டு உள்ள போயிட்டா.

அந்த 25 எக்ஸ் ஐபீஸா? கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டான், அவன் மேலயும் தப்பில்ல, சாமான் நல்ல சாமான்தான். அதத் திருப்பி, கண்ணு வைக்கிற பக்கத்துக் கண்ணாடிய இலைக்கிட்ட வச்சுப் பாத்தா நல்ல பூதக்கண்ணாடி. ஒண்ணு என் மேஜை டிராயர்ல இருக்கு. இன்னொண்ண பக்கத்து வீட்டுப் பெரியப்பா வாங்கிட்டுப் போனாரு, அவருக்கு வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏக்கர் ஏலம் இருக்கு, இலைப்பேன் விழுந்திருக்கான்னு பாக்க. கேட்டா, "இருக்கட்டும்ப்பா, கொண்டாந்து தர்றேன்"ங்கிறாரு, மூணு வருஷமா.